மூன்றாம் மதகின் சங்கிலி

கட்டுப்பாட்டு அறையில் அன்று மதியம் யாரும் சாப்பிடவில்லை. சுவரை அடைத்த திரையில் கால்வாய் ஒரு நீலக் கோடாகத் தெரிந்தது. அணையில் தொடங்கி ஒன்று, இரண்டு, மூன்று என்று மதகுகளைத் தாண்டி, நடுவில் வளைந்து நெளிந்து கடைமடை வரை போயிற்று. ஒவ்வொரு மதகுக்கும் ஒரு சின்னச் சதுரம். திறந்திருந்தால் பச்சை, மூடியிருந்தால் சிவப்பு. மூன்றாம் மதகு சிவப்பில் இருந்தது. அதைப் பச்சையாக்க ஆபரேட்டர் திரும்பத் திரும்பப் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தார்.

"மோட்டார் இழுக்குது மேடம். ஷட்டர்தான் நகரமாட்டேங்குது. இன்னும் அழுத்தினா மோட்டார் புகைஞ்சிடும்."

"விட்டுடுங்க" என்றாள் அவள். "சங்கிலி போட்டிருக்காங்க."

அந்தக் கால்வாய்க் கோட்டத்தின் பொறியாளர் அவள். விவசாயிகள் அவளுக்கு வைத்த பெயர் மீட்டர் மேடம். போகிற இடமெல்லாம் தண்ணீரை அளக்கும் கருவியை நட்டுவிட்டு வருகிறாள் என்று முதலில் கேலியாகத்தான் சொன்னார்கள். பிறகு அதுவே நிலைத்துவிட்டது.

போன வருடம் வரை அந்தக் கால்வாய் சத்தத்தில் ஓடியது. யார் அதிகம் சத்தம் போடுகிறாரோ அவருக்குத் தண்ணீர். தலைமடைக்காரர்கள் வருடம் முழுக்க மதகைத் திறந்தே வைத்திருந்தார்கள். கடைமடையில் கால்வாய்க்குள் ஆட்கள் சைக்கிள் ஓட்டிப் போனார்கள். அவள் வந்த பிறகுதான் மதகுகளுக்கு மோட்டார் வந்தது, தூரத்திலிருந்தே நீர்மட்டம் காட்டும் சென்சார் வந்தது, முறை வைத்துத் தண்ணீர் விடும் அட்டவணை வந்தது. இந்தப் பருவத்தின் முதல் முறையை அவள் கடைமடைக்குக் கொடுத்தாள். அப்படி ஓர் உத்தரவில் அதுவரை யாரும் கையெழுத்துப் போட்டதில்லை.

மூன்றாம் மதகு தலைமடையின் பெரிய கிளை வாய்க்காலுக்கானது. அந்த வாய்க்கால் விவசாயிகள் சங்கத்துக்குத் தலைவர் அவளுடைய அக்கா கணவர். முறை தொடங்கிய சில நாட்களிலேயே மூடிய மதகை யாரோ பழைய கைப்பிடியை மாட்டிச் சுற்றித் திறந்துவிட்டார்கள். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை. மதகின் நிலையைக் காட்டும் சென்சார் மோட்டாரோடு இணைந்தது என்பதால், மதகு திறந்து கிடந்தபோதும் திரையில் சிவப்பே காட்டியது. யார் வேலை என்று ஊருக்கே தெரியும். அவளுக்கும் தெரியும். விசாரணை வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதி அனுப்பினாளே தவிர, மாமாவிடம் நேரில் போய் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அக்கா முகத்தில் எப்படி விழிப்பது என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள்.

கடைமடைக்காரர்கள் தள்ளிப்போடவில்லை. லாரியில் வந்து இறங்கி, ஷட்டரை இரும்புச் சங்கிலியால் சுற்றிக் கட்டிப் பூட்டுப் போட்டு, மதகு மேடையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். அந்த வழியாகப் போனபோது அவள் அதைப் பார்த்தாள். கழற்றச் சொல்லவில்லை. தான் பேசவேண்டியதைச் சங்கிலி பேசிவிட்டது என்று உள்ளுக்குள் நிம்மதியாகக்கூட இருந்தது.

அந்தச் சங்கிலிதான் இப்போது குறுக்கே நின்றது. யாரும் எதிர்பாராமல் மலையில் பெருமழை. மலை ஓடைகள் எல்லாம் மூன்றாம் மதகுக்கு மேலே கால்வாயில் வந்து விழுந்துகொண்டிருந்தன. அணை மதகை அவள் உடனே மூடச் சொல்லிவிட்டாள். ஓடைகளுக்கு மதகு கிடையாது. மிஞ்சின தண்ணீரை ஆற்றுக்குத் தள்ளுவதற்கென்று இருந்த உபரி மதகோ பழுதுபார்க்கும் வேலைக்காகக் கான்கிரீட்டால் அடைபட்டுக் கிடந்தது. அதற்கு அனுமதி கொடுத்ததும் அவள்தான். மழைக்காலம் தொடங்க இன்னும் நாள் இருக்கிறது என்ற நம்பிக்கை. இவ்வளவு தண்ணீரைத் திருப்பும் அளவுக்குப் பெரிய மதகு இனி மூன்றாவது ஒன்றுதான்.

கால்வாயின் அணைப் பக்கத்துப் பாதிக்குக் கான்கிரீட் பூசி முடித்திருந்தார்கள். கடைமடைப் பக்கத்துப் பாதி இன்னும் பழைய மண்கரை. அந்தக் கரைக்கு அடியில், கால்வாயைவிடப் பள்ளத்தில், கடைமடை வீடுகள்.

ஆபரேட்டர் திரையில் ஏறிக்கொண்டிருந்த கோட்டைப் பார்த்தபடி சொன்னார். "இப்படியே போனா இருட்டறதுக்குள்ள மண்கரையைத் தாண்டிடும் மேடம்."

மேலதிகாரியிடமிருந்து போன் வந்தது. "போலீஸ அனுப்பட்டுமா?"

"வேண்டாம் சார். மதகு மேல நிக்கறாங்க. கீழ தண்ணி சுழிச்சுக்கிட்டு ஓடுது. தள்ளுமுள்ளு ஆச்சுன்னா ஆள் போயிடும்."

"அப்ப நீயே போய்ப் பேசு. கரை உடைஞ்சா ரெண்டு பேருக்கும் வேலை இருக்காது, அதை மட்டும் ஞாபகம் வெச்சுக்க."

வேலையைப் பற்றி அவள் அப்போது நினைக்கவில்லை. ஜீப்பில் ஏறி, மூன்றாம் மதகுக்குப் போகச் சொன்னாள். டிரைவர் வண்டியை எடுத்தார்.

மதகு மேடையில் பிளாஸ்டிக் தாள்களைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு முப்பது பேர் போல உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஸ்பீக்கரம்மா. கடைமடைச் சங்கத்தின் தலைவி. கூட்டத்தில் அவள் பேச எழுந்தால் மைக்கை அணைத்துவிடுவார்கள், அப்படி ஒரு குரல். பூட்டின் சாவியைக் கயிற்றில் கோர்த்துக் கழுத்தில் மாட்டியிருந்தாள்.

"வாங்க மீட்டர் மேடம். பாத்தீங்களா தண்ணிய? என் ஆயுசுல இவ்வளவு தண்ணி எங்க பக்கம் போனதில்ல."

"அதைப் பத்திப் பேசத்தான் வந்தேன். இது நாங்க விட்ட தண்ணி இல்லம்மா. மலைத்தண்ணி. உங்க கரை தாங்காது. இந்த மதகைத் திறக்கணும்."

பின்னாலிருந்து ஒருவர் சிரித்தார். "நான் சொன்னேன்ல? தண்ணி நிறைஞ்சதும் யாராவது வருவாங்கன்னு."

ஸ்பீக்கரம்மா சிரிக்கவில்லை. "திறந்தா தண்ணி எங்க போகும்?"

"கிளை வாய்க்காலுக்கு."

"அதுல மொதல்ல யார் தோட்டம்?"

"எங்க மாமா தோட்டம்."

"அதை உங்க வாயாலயே சொல்லிட்டீங்க. சந்தோஷம்."

பொறியாளர் கைபேசியில் நீர்மட்டம் காட்டும் படத்தை எடுத்து நீட்டினாள். ஸ்பீக்கரம்மா அதை வாங்கக்கூட இல்லை.

"இந்தப் பெட்டி மதகு மூடியிருக்குன்னு ரெண்டு தடவை சொல்லிச்சு. ரெண்டு தடவையும் மதகு வாயைப் பொளந்துக்கிட்டுக் கிடந்துச்சு. நாங்க நேர்ல வந்து பாத்தோம். இப்ப இது சொல்றத நம்பி நான் பூட்டைத் திறக்கணுமா?"

நீட்டிய கைபேசியை அவள் பைக்குள் போட்டாள். ஸ்பீக்கரம்மா சொன்னதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை.

ஸ்பீக்கரம்மா தன் மகனுக்குப் போன் போட்டாள். "டேய், நம்ம பக்கம் கால்வாயில எவ்வளவு ஓடுது?" அந்தப் பக்கத்துப் பதிலை எல்லோருக்கும் கேட்கும்படி திருப்பிச் சொன்னாள். "முழங்கால் அளவாம். கேட்டீங்களா?"

"இங்க இருக்கற தண்ணி அங்க போய்ச் சேர நேரம் பிடிக்கும்மா. அங்க தெரியறப்ப நம்ம கையில ஒண்ணும் இருக்காது."

"இதையேதான் எங்கப்பா காலத்துலயும் சொன்னாங்க. வருது, வந்துக்கிட்டே இருக்குன்னு."

பின்னாலிருந்து மறுபடியும் சிரிப்பு. அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. போலீஸைக் கூப்பிட்டுவிடுகிறேன் என்று நாக்கு நுனி வரை வந்தது. மேடைக்குக் கீழே பழுப்புத் தண்ணீர் ஷட்டரில் மோதிச் சுழன்றுகொண்டிருந்தது. வேரோடு பிடுங்கின ஒரு மரக்கிளை அதில் மாட்டிக்கொண்டு முழுகியும் எழும்பியும் ஆடியது. வார்த்தையை விழுங்கிக்கொண்டாள்.

"என்னை நம்பவேண்டாம். என்கூட ஜீப்புல வாங்க. கான்கிரீட் முடியற இடம் வரைக்கும் போவோம். உங்க கண்ணால பாருங்க. பாத்தப்புறமும் திறக்கக்கூடாதுன்னு நீங்க சொன்னா, நான் திரும்பிப் போயிடறேன்."

கடைசி வார்த்தையைச் சொன்ன உடனேயே ஏன் சொன்னோம் என்று இருந்தது. அப்படித் திரும்பிப் போக அவளால் முடியாது. ஆனால் ஸ்பீக்கரம்மாவை எழுப்பியது அந்த வார்த்தைதான்.

கழுத்திலிருந்து சாவியைக் கழற்றித் தன் தம்பியின் கையில் வைத்து மூடினாள். "என் குரலைக் கேக்காம திறக்காதே. ஆண்டவனே வந்து சொன்னாலும் திறக்காதே."

ஜீப் கரைமேல் போனது. கான்கிரீட் பூசின பகுதியில் தண்ணீர் உயரமாக, வேகமாக, சத்தமில்லாமல் வந்துகொண்டிருந்தது. ஒரு நீல டிரம் அவர்களோடு போட்டி போடுவதுபோல் மிதந்து வந்தது. ஸ்பீக்கரம்மா முதலில் அதைப் பார்த்துப் புன்னகைத்தாள். கொஞ்ச தூரம் போனதும் புன்னகை போய்விட்டது.

"இதுவே இவ்வளவு உசரமா இருக்கு" என்றாள், யாரிடமும் இல்லாமல்.

"உங்க பக்கம் கரை இதைவிட ரெண்டு அடி தாழ்வு."

"தெரியும். மேல மண்ணைப் போடுங்கன்னு நானே மனு குடுத்திருக்கேன்."

கான்கிரீட் முடிந்த இடத்தில் டிரைவர் வண்டியை நிறுத்தினார். அதற்குமேல் மண் கொழகொழவென்று இருந்தது. இறங்கி நடந்தார்கள். இடது பக்கம் தண்ணீர் கரையின் மேல்விளிம்புக்கு ஒரு சாண் கீழே நின்றது. வலது பக்கம் கரை சரிந்து இறங்கியது. சரிவின் பாதியில், புல்லுக்கு நடுவே, தண்ணீர் ஒரு விரல் பருமனில் கொப்பளித்து வெளியே வந்துகொண்டிருந்தது. பக்கத்திலேயே இன்னொன்று. கொஞ்சம் தள்ளி மூன்றாவது.

பொறியாளர் சறுக்கியபடி இறங்கி, கசிந்த தண்ணீரை உள்ளங்கையில் ஏந்திக் காட்டினாள். கலங்கலாக இருந்தது. "தெளிவா வந்தா பயமில்ல, சும்மா கசிவு. இது மண்ணோட வருது. கரையை உள்ளேருந்து அரிச்சுக்கிட்டு வருது."

ஸ்பீக்கரம்மா மேலேயே நின்றாள். கால்வாயைப் பார்த்தாள். பிறகு திரும்பி, தூரத்தில் பள்ளத்தில் தெரிந்த தகரக் கூரைகளைப் பார்த்தாள். அந்தக் குரல் முதல்முறையாக மெல்ல வந்தது.

"மதகைத் திறந்தா உங்க அக்கா தோட்டம் என்னாகும்?"

"முங்கிடும். முறை இல்லாததால அங்க எல்லாரும் வயல் மடைய அடைச்சு வெச்சிருக்காங்க. இவ்வளவு தண்ணி ஒரேயடியாப் போனா பள்ளமான இடத்துல கரை மீறும். பள்ளத்துல இருக்கறது அவங்க தோட்டம்தான். வெங்காயம் பிடுங்கித் தரையில காயப் போட்டிருக்காங்க."

"அவங்களுக்குச் சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்ல. நீங்க சொன்னப்புறம் சொல்லணும்."

ஸ்பீக்கரம்மா போனை எடுத்தாள். "தம்பி, பூட்டைத் திற. சங்கிலியை எடு. ஆமா, நான்தான் சொல்றேன்." தம்பி என்னவோ கேட்டான். "யாரும் மிரட்டல. டேய், கேளு." மறுபடியும் அவன் பேச, அவள் குரல் பழைய உயரத்துக்குப் போனது. "என்னை மிரட்ட இனிமேதான் ஒருத்தி பொறந்து வரணும்டா. திறடான்னா திற. கரை நம்ம வீட்டு மேல வரப்போகுது."

அதற்குள் பொறியாளர் அக்கா எண்ணுக்குப் போட்டாள். எடுத்தது மாமா.

"மாமா, மூணாம் மதகைத் திறக்கறோம். தண்ணி நிறைய வரும். தோட்டத்துல யார் இருந்தாலும் மேட்டுக்கு வரச் சொல்லுங்க."

"விளையாடறியா? வெங்காயம் பூரா தரையில கிடக்கு."

"தெரியும் மாமா."

"எனக்குத் தண்ணி வேணும்னு கெஞ்சினப்ப மூடினே. வேண்டாங்கறப்ப திறக்கறியா? அரை நாள் குடும்மா. ஆள் விட்டு அள்ளிடறேன்."

"அரை நாள் இல்ல. இப்பவே திறக்கறாங்க. அள்ள முடிஞ்சதை அள்ளுங்க. பள்ளத்துல மட்டும் இறங்காதீங்க."

"என் வீட்டுல இருந்து படிச்ச பொண்ணு நீ." அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு. "அதையாவது நினைச்சுப் பாத்தியா?"

"நினைச்சேன் மாமா" என்றாள். இணைப்பு அறுந்துவிட்டது.

உடனே ஆபரேட்டர் அழைத்தார். சங்கிலியை எடுத்துவிட்டார்கள். ஆனால் மோட்டார் ஓடவில்லை. மதியம் அழுத்தி அழுத்தியதில் உள்ளே கருகிவிட்டிருந்தது.

"கைப்பிடி இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு மேடம். அவங்களே மாட்டிட்டாங்க. மாத்தி மாத்திச் சுத்தறாங்க. அந்த ரெண்டு தடவைக்கப்புறம் நீங்க போட்ட கேமராவுல தெரியுது. ஒருத்தர் விட்டா ஒருத்தர் பிடிக்கறாங்க."

மண்கரையில் அடுத்து வந்த நேரத்தை அவள் வாழ்நாளில் மறக்கப்போவதில்லை. கான்கிரீட் வேலைக்கு வந்திருந்த ஆட்கள் சிமெண்டு சாக்குகளில் மண்ணை அடைத்துத் தோளில் தூக்கி ஓடி வந்தார்கள். கடைமடையிலிருந்து ஸ்பீக்கரம்மாவின் மகனும் பக்கத்து வீட்டுக்காரர்களும் டிராக்டரில் வந்து சேர்ந்தார்கள். கசிவுகளின் மேல் கல்லும் மணலும் கொட்டி, சுற்றிலும் மூட்டை அடுக்கினார்கள். ஸ்பீக்கரம்மா கரைமேல் நின்று குரலாலேயே ஆட்களை நகர்த்தினாள். அங்கே போ, இங்கே வை, அதை ஏன்டா அங்க வைக்கறே. பொறியாளர் தண்ணீரின் ஓரத்தில் ஒரு குச்சியைச் செருகிவிட்டு, அதன் பக்கத்திலேயே குந்தினாள்.

தண்ணீர் குச்சியில் ஏறியது. மூன்றாம் மதகு திறந்தது இங்கே தெரிவதற்கு நேரம் பிடிக்கும் என்று மற்றவர்களுக்குச் சொன்னவள் அவள். ஆனாலும் ஒவ்வொரு நிமிடமும் ஏமாற்றமாக இருந்தது. ஒரு சாணாக இருந்த இடைவெளி நாலு விரலானது. பிறகு மூன்று விரல்.

"இறங்குதா?" என்று மேலிருந்து கேட்டாள் ஸ்பீக்கரம்மா.

"இன்னும் இல்ல."

மூன்றாவது கசிவுக்குப் பக்கத்தில் கரையின் ஒரு துண்டு மாவுபோல் நழுவிச் சரிந்தது. அங்கே நின்ற இருவர் தாவி விலகினார்கள். யாரும் ஓடவில்லை. டிராக்டர் டிரைவர் பெட்டியில் இருந்த அத்தனை மண்ணையும் அப்படியே அந்த வாயில் கவிழ்த்தார். அதன்மேல் மூட்டைகள், மூட்டைகளின்மேல் ஆட்கள் ஏறி மிதித்தார்கள். பொறியாளரும் மிதித்தாள். முழங்கால் வரை சேறு.

திரும்பி வந்து பார்த்தபோது குச்சியில் தண்ணீர் அதே இடத்தில் நின்றது. அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. தன் கண்ணைத் தானே சந்தேகப்பட்டாள். வேறு யாரையாவது பார்க்கச் சொல்லலாம் என்று நிமிர்ந்தபோது ஸ்பீக்கரம்மாவே இறங்கி வந்து குனிந்தாள். இருவரும் தலையோடு தலை முட்டும்படி குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். குச்சியில் ஈரமான ஒரு கோடு, தண்ணீருக்கு மேலே, நகக்கண் அளவுக்குத் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் விரல் அளவு.

"இறங்குது" என்றாள் ஸ்பீக்கரம்மா. சொல்லிவிட்டு அப்படியே ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கரை நின்றது. கடைமடையில் ஒரு வீட்டுக்குள்ளும் தண்ணீர் போகவில்லை. தலைமடையில் மாமாவின் தோட்டமும் அதையடுத்த இரண்டு தோட்டங்களும் முங்கின. மேட்டில் குவித்து வைத்ததை மட்டும் அள்ள முடிந்தது. மற்றதன்மேல் சேறு படிந்து, வெயில் வந்ததும் நாறத் தொடங்கியது.

அடுத்த வாரம் இரண்டு சங்கங்களும் கலந்துகொண்ட கூட்டம் நடந்தது. சத்தத்துக்குக் குறைவில்லை. மாமா வரவில்லை, அவருக்குப் பதில் துணைத்தலைவர் வந்தார். பொறியாளர் முதலில் எழுந்து, மதகு சென்சாரை மோட்டாரில் வைத்தது தவறு என்றாள். இனி ஷட்டரிலேயே வைக்கப்போவதாகவும், உபரி மதகு திறக்கும் வரை முறைத் தண்ணீரைக் குறைத்தே விடப்போவதாகவும் சொன்னாள். சங்கிலியைப் பார்த்தும் கழற்றச் சொல்லாதது தன் தவறு என்றும் சொன்னாள். அப்போது தலைமடைக்காரர்கள் கைதட்டினார்கள். மூடிய மதகைக் கைப்பிடியால் திறந்தவர்கள்மேல் வழக்குப் போடப்போகிறேன் என்றபோது நிறுத்திக்கொண்டார்கள்.

கடைசியில் ஒரு விஷயத்தில் மட்டும் உடன்பாடு வந்தது. தண்ணீர் ஓடுகிற நாட்களில் கட்டுப்பாட்டு அறையில் தலைமடையிலிருந்து ஒருவரும் கடைமடையிலிருந்து ஒருவரும் உட்காருவது. முதல் நாளே ஸ்பீக்கரம்மா வந்து உட்கார்ந்தாள். சாயங்காலத்துக்குள் ஆபரேட்டர் காதில் பஞ்சை வைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பொறியாளர் அக்கா வீட்டுக்குப் போனாள். மாமா வாசலில் செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் அதை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தார். அவள் "மாமா" என்று கூப்பிட்டாள். அவர் திரும்பவில்லை. வேகமாகவும் போகவில்லை.

கொல்லையில் அக்கா தார்ப்பாய்மேல் வெங்காயத்தைக் கொட்டி அழுகலைத் தனியாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மூக்கைப் பிடுங்கும் நாற்றம். தங்கை வந்து நின்றதைத் தெரிந்துகொண்டும் நிமிரவில்லை.

"வேற வழி இருந்துச்சா?" என்று கேட்டாள், வெங்காயத்தைப் பார்த்தே.

"அன்னிக்கு இல்லக்கா. அதுக்கு மொதல்ல இருந்துச்சு. மாமாகிட்ட நான் நேர்ல வந்து கேட்டிருக்கணும். கேட்டிருந்தா சங்கிலி வந்திருக்காது. சங்கிலி இல்லன்னா மழை விழுந்ததுமே கொஞ்சம் கொஞ்சமா திறந்திருப்பேன். தோட்டம் தப்பிச்சிருக்கும்."

அக்கா ஒரு வெங்காயத்தை அமுக்கிப் பார்த்தாள். அமுங்கியது. பக்கத்து வாளியில் போட்டாள்.

"வந்து கேட்டிருந்தா அவர் ஒத்துக்கிட்டிருக்கமாட்டார்."

"இருக்கலாம்."

"நான் ஒத்துக்க வெச்சிருப்பேன்" என்றாள் அக்கா. முதல்முறையாக நிமிர்ந்தாள். கண் சிவந்திருந்தது, அழுதா வெங்காயத்தாலா என்று தெரியவில்லை. "கைப்பிடியைத் தூக்கிக்கிட்டு அவர் போனப்ப எல்லாம் எங்க போறார்னு எனக்குத் தெரியாமயா இருந்துச்சு? நானும்தான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்."

இன்னொரு வாளியைக் காலால் தங்கை பக்கம் தள்ளினாள்.

"நின்னுக்கிட்டே இருக்காதே. உக்காந்து பொறுக்கு. நல்லது இதுல, கெட்டது அதுல."

அவள் உட்கார்ந்து பொறுக்கத் தொடங்கினாள்.